ஒன்பதாம் படம்

தேரடியிலிருந்து எண்ணூர் வரை ஓடும் ஷேர் ஆட்டோக்களில் பெண்கள் ஓட்டுபவை மூன்று. அதில் ஒன்று மலிகாவுடையது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி, நடுவில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அவள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை. கணவன் கலீலுல்லா துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டும் வேலையில் இருந்தவன். ஒரு கம்பி தெறித்து இடுப்பில் அடித்ததோடு அந்த வேலை போயிற்று. இப்போது மணலியில் ஒரு கிடங்குக்குக் காவலாளி. எட்டு வருடமாக எர்ணாவூர் வீட்டை இழுத்துக்கொண்டு போவது அவளுடைய வண்டிதான்.

வண்டி எடுத்த புதிதில் ஸ்டாண்டில் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. சண்டை போட்டுத்தான் இடம் பிடித்தாள். அவளுக்கு வாய்தான் ஆயுதம். "எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர்" என்று அவள் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் மீன் வாங்கிக்கொண்டிருக்கிறவர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

அந்த வாயில் மேல்வரிசையில் இரண்டு பக்கமும் தெத்துப்பல். முன்பற்கள் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். இடது முன்பல்லின் முனையில் ஒரு சின்னச் சில்லு உடைந்திருக்கும்; வழியில் நின்றுபோன வண்டிக்கு ஒயரைப் பல்லால் கடித்துச் சீவப் போய் உடைந்தது. மேலுதட்டுக்கு மேல் ஒரு மச்சம். பெண் பார்த்துவிட்டுப் போன கலீலுல்லா, வீட்டில் கேட்டபோது வேறு எதுவும் சொல்லவில்லையாம். சிரித்தால் தெத்துப்பல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னானாம். இதை மலிகா ஸ்டாண்டில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பாள். பல் என்பது அவளைப் பொறுத்தவரை வலிக்கும், இல்லாவிட்டால் வலிக்காது. அதைத் தாண்டி அதில் யோசிக்க ஒன்றும் இருந்ததில்லை.

போன பிப்ரவரியில் வலித்தது. கீழ்வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப் பல். கிராம்பை அடக்கிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினாள். அப்போது கத்திவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம் என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். தேரடிப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு பல் மருத்துவமனை நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடையை விட்டுவிட்டு மலிகா போய் வரிசையில் உட்கார்ந்தாள்.

முதலில் பார்த்தது ஒரு இளம் டாக்டர். பெயர் அனிஷா. மேற்படிப்புப் படித்துக்கொண்டே அந்த மருத்துவமனையில் வேலை செய்கிற பெண். கடைவாயில் வலிக்கிறது என்று மலிகா சொல்ல ஆரம்பித்ததும், அதற்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வி என்று ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். அட்டையில் பத்துப் படங்கள், பத்தும் பல் படங்கள். ஒன்றாவது படத்தில் முத்து கோத்த மாதிரி பல். போகப்போகக் கோணல். பத்தாவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது. உங்கள் பல் இதில் எந்தப் படம் மாதிரி இருக்கிறது, நீங்களே காட்டுங்கள் என்றாள் அனிஷா.

மலிகா கையில் கொடுத்த கண்ணாடியில் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மூன்றாவது படத்தில் விரலை வைத்தாள். அனிஷா அதை எழுதிக்கொண்டாள்.

அதற்குள் பெரிய டாக்டர் வந்துவிட்டார். டாக்டர் அபின், மருத்துவமனைக்குச் சொந்தக்காரர். சுத்தமான சட்டை, மெல்லிய குரல். மலிகாவை வாயைத் திறக்கச் சொல்லி ஒரு மூச்சு நேரம் பார்த்துவிட்டு அனிஷாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவள் மூன்றுக்குப் பக்கத்தில் ஒன்பது என்று எழுதினாள். எண்ணை யாரும் படிக்கலாம். மலிகாவும் படித்தாள்.

"நீங்களே போடறதா இருந்தா என்ன இன்னாத்துக்குக் கேட்டீங்க?" என்றாள்.

நோயாளிகள் சொல்வதற்கும் டாக்டர்கள் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று தான் ஒரு ஆய்வு செய்வதாக அனிஷா சொன்னாள். பிறகு உதடுகளை இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கொக்கியால் இழுத்துப் பிடித்துக் கேமராவில் நாலு படம் எடுத்தார்கள். இங்கிலீஷில் அடித்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கடைசியில் கையில் கொடுத்தது நாலு வலி மாத்திரையும் ஒரு சீட்டும். முன்பற்களுக்கு ஒன்றரை வருடம் கம்பி போட வேண்டும் என்று சீட்டில் இருந்தது. கடைவாய்ப் பல்லைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மறுவாரம் அரசு மருத்துவமனையில் அந்தப் பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மலிகா மற்றதையெல்லாம் மறந்துபோனாள்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, ஸ்டாண்டில் அவளுக்கு அடுத்த வண்டிக்காரன் செல்வம் சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, உன் பல்லு ஃப்ளெக்ஸ்ல கீது. பாத்தியா?"

வழக்கமான கிண்டல் என்று நினைத்து அவள் ஏதோ திட்டிவிட்டு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். தேரடி தாண்டி அந்தப் பல் மருத்துவமனை வாசலில், நடைபாதையில் சட்டம் அடித்து நிறுத்தியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். வண்டி தானாக நின்றது மாதிரி நின்றது.

மேலே பெரிய எழுத்தில் 'இந்தப் பல்லோடு சிரிக்க வெட்கமா?' என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு வாய்கள், முகம் இல்லாமல். வலது பக்கம் 'பின்பு': பளீரென்று வரிசையான பல். இடது பக்கம் 'முன்பு': அரை ஆள் உயரத்துக்கு ஒரு வாய். இரண்டு தெத்துப்பல். சில்லு உடைந்த முன்பல். உதட்டுக்கு மேல் மச்சம். கொக்கியால் இழுத்துப் பிடித்தால் யாருடைய வாயும் பேய் வாயாகத்தான் தெரியும். கொக்கியைப் படத்திலிருந்து அழித்துவிட்டிருந்தார்கள். இழுப்பை அழிக்கவில்லை.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. வண்டிக்குள் இருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். மலிகா கியரைப் போட்டாள். அன்றைக்குப் போக வர இருபத்துமூன்று தடவை அந்த வாயைத் தாண்டினாள். ஒவ்வொரு தடவையும் பார்க்கக் கூடாது என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் பார்த்தாள். பயணிகளில் யாராவது ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத் தன்னைப் பார்க்கிறார்களா என்று கண்ணாடியில் கவனித்தாள். சாயங்காலம் "எர்ணாவூர், கத்திவாக்கம்" என்று கூப்பிட வாயைத் திறந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். வெட்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. மகள் உமைமா பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவுக்கு இருப்பது மாதிரியே அவளுக்கும் இரண்டு பக்கமும் தெத்துப்பல். இரண்டு மூன்று நாளாக அவள் பேசும்போது துப்பட்டாவை வாய்மேல் இழுத்துக்கொள்வதை மலிகா பார்த்திருக்கிறாள். தூசிக்கு என்று நினைத்திருந்தாள். அன்று கேட்டதும் எல்லாம் வந்தது. பள்ளிக்குப் போகிற பஸ் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறது. மூன்று நாளைக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள்; லாரிகளுக்கு நடுவில் ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டிய மலிகாதான் பார்க்கவில்லை. பார்த்ததும் அம்மா என்று தெரிந்துவிட்டது. வகுப்பில் ஒருத்தி அதைச் செல்போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். அது உமைமாவின் அம்மா என்று தெரிந்து இல்லை, அது உமைமா மாதிரி இருக்கிறது என்று.

"என் பல்லுக்குக் கிளிப் போட்டு வுடும்மா" என்றாள் உமைமா.

மலிகா கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. "இந்தப் பல்லுக்கு இன்னாடி கொறைச்சல்? உங்க அத்தா இந்தப் பல்ல பாத்துதான் என்ன கட்டிக்கினாரு."

"அத்தா ஒருத்தரு பாத்தாரு. இப்ப ஊரே பாக்குதும்மா."

மறுநாள் காலை மலிகா வண்டியை மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஏறினாள். அப்பாயின்ட்மென்ட் இல்லை என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் அபின் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு அதில் முகமே இல்லையே, வெறும் பல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றார்.

"எனக்குத் தெரியும் சார். என் பொண்ணுக்குத் தெரியும்."

அவள் கையெழுத்துப் போட்டிருப்பதை அவர் நினைவுபடுத்தினார். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவள் கேட்டாள். வழக்கமாக எல்லோரும் போடுவதுதான் என்றார். அப்படியானால் 'பின்பு' என்று பக்கத்தில் இருக்கிறதே, அது யாருடைய வாய் என்று கேட்டாள். நான் கம்பியும் போடவில்லை, கட்டும் போடவில்லை, 'பின்பு' எங்கிருந்து வந்தது?

அவர் பேனாவை மூடி வைத்தார். அது சும்மா ஒரு மாதிரிக்கு என்றார். பிறகு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, நல்லது சொல்கிறவர் மாதிரியே சொன்னார்:

"நான் இருபது வருஷமா பல்லு பார்க்கறேன்மா. உங்க பல்லு ஒன்பதாவது படம். உங்களுக்கு அது மூணுன்னு தோணுது. பிரச்னையே அதுதான். உங்களுக்குத் தெரியவே இல்ல."

அதுவரை சார் போட்டுப் பேசியவள் அங்கே மரியாதையை விட்டாள்.

"எனக்கு வலிச்சது கடவாப் பல்லு. அத்த நீ தொட்டுக்கூடப் பாக்கல. எனக்கு வலிக்காத பல்ல படம் புடிச்சு ரோட்ல மாட்டிக்கீற. எனக்குத் தெரியலையா, உனக்குத் தெரியலையா?"

டாக்டர் கோபப்படவில்லை. மகளைப் பற்றிச் சொன்னீர்களே, அழைத்து வாருங்கள், சின்ன வயதிலேயே சரிசெய்துவிடலாம், என் செலவிலேயே போட்டுவிடுகிறேன் என்றார். அந்த ஒரு நொடி மலிகா யோசித்தாள். போட்டுவிட்டால் என்ன என்றுதான் யோசித்தாள். பின்னால் செல்வத்திடம் இதைச் சொல்லும்போது, அந்த ஒரு நொடிக்காகவே அந்த ஆளை மன்னிக்க முடியவில்லை என்று சொன்னாள். புண்ணை அவனே போட்டுவிட்டு மருந்தையும் அவனே நீட்டுகிறான். நானும் கையை நீட்டப் பார்த்தேனே என்றாள்.

ஒரு வாரத்தில் ஃப்ளெக்ஸை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்து அனுப்பினார். ஒரு வாரம் போயிற்று. கேட்டதற்கு, ஃப்ளெக்ஸ் மாட்டுகிற ஆள் வரவில்லை என்று கீழே வரவேற்பில் சொன்னார்கள். பத்து நாள் ஆயிற்று. ஃப்ளெக்ஸ் அப்படியே நின்றது. உமைமா காய்ச்சல் என்று இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை என்று மலிகா தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, ஏறியிருந்த எட்டுப் பேரோடு அவள் அந்த வாசலில் வண்டியை நிறுத்தினாள். இரண்டே நிமிஷம் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பின்னால் வந்த செல்வம் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"அக்கா, பேஜாராய்டும், வாணாம்."

"சீட்டு ரெக்ஸின் அறுக்கறதுக்கு வெச்சிகிறியே, அந்தக் கத்தியக் குடு."

கொடுத்தான். கொடுக்காவிட்டால் பல்லாலேயே கிழிப்பாள் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மலிகா தன் வண்டியின் படியில் ஏறி நின்று, சட்டத்தின் இடது மூலையில் கத்தியை இறக்கினாள். மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே, பிறகு நடுக்கோட்டை ஒட்டி மறுபடி மேலே, கடைசியில் தலைப்புக்குக் கீழே குறுக்கே. முழு ஃப்ளெக்ஸையும் அவள் தொடவில்லை. 'முன்பு' என்று எழுதியிருந்த பாதியை மட்டும் கதவு மாதிரி அறுத்து எடுத்தாள். மற்ற பாதி அப்படியே நின்றது.

கூட்டம் கூடிவிட்டது. மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். மலிகா அறுத்ததைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"இது என் வாயி. நான் எடுத்துகினு போறேன். அது அவனுது. அவனே வெச்சுக்கட்டும்."

எட்டுப் பேரையும் எண்ணூரில் இறக்கிவிட்டுத்தான் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். போன் வந்திருந்தது. சொத்தைச் சேதப்படுத்தியதாக டாக்டர் புகார் கொடுத்திருந்தார்.

போகிற வழியில் செல்போனில் ஒரு படம் வந்தது. முகாமில் எழுதிக்கொண்ட நம்பருக்கு அனிஷா அனுப்பியிருந்தாள். மலிகா கையெழுத்துப் போட்ட அந்தத் தாள். கீழே தமிழில் ஒரு வரி தட்டியிருந்தாள்: படங்களை இந்த ஆய்வுக்கு மட்டும்தான் பயன்படுத்துவோம், வேறு எதற்கும் இல்லை என்று இதில் எழுதியிருக்கிறது அக்கா.

ஸ்டேஷனில் ஏட்டு சுப்பராயன் இருவரையும் உட்கார வைத்தார். வயசானவர், சண்டையை ராசியாக முடித்துவிட்டுச் சாப்பிடப் போக நினைக்கிறவர். டாக்டர் தன் பக்கத்தைச் சொன்னார். மலிகா சுருளை மேஜைமேல் விரித்தாள். மேஜை முழுக்க வாய். ஏட்டு அதைப் பார்த்தார்.

"இது நீதானாம்மா?"

மலிகா வாயைத் திறந்து காட்டினாள். ஏட்டு படத்தையும் அவளையும் இரண்டு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் செல்போனை நீட்டினாள். தாளில் இருந்த இங்கிலீஷை ஏட்டு எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு டாக்டரிடம், நடைபாதையில் ஃப்ளெக்ஸ் வைக்க மாநகராட்சியில் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். டாக்டர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார் ஏட்டு. அறுத்தது தப்பு என்று நீ ஒரு வார்த்தை சொல்லிவிடும்மா, அவரும் சொல்லிவிடுவார். மலிகா மாட்டேன் என்றாள். முதலில் அவர் சொல்லட்டும்.

டாக்டர் எழுந்தார். "உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா, ஸாரிம்மா."

"பட்டிருந்தாவா?" என்றாள் மலிகா. "பட்டுச்சுன்னு சொல்லு."

அவர் சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். மலிகாவும் தன் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ஏட்டு இரண்டு பேரையும் திட்டிவிட்டு நோட்டை மூடினார்.

இரண்டு வாரம் கழித்து அனிஷா ஒரு நாள் அவள் வண்டியில் ஏறினாள். முன்சீட்டில் உட்கார்ந்தாள். மருத்துவமனை வேலை போய்விட்டது என்றாள். மலிகாவிடமிருந்து ஆறுதல் எதிர்பார்த்திருப்பாளோ என்னவோ, அது கிடைக்கவில்லை.

"படம் புடிச்சது நீதான பாப்பா" என்றாள் மலிகா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

ஆமாம் என்றாள் அனிஷா. கொஞ்ச தூரம் போன பிறகு மலிகாவே கேட்டாள், நீ என்ன நம்பர் போட்டிருப்பாய் என்று. அஞ்சு என்றாள் அனிஷா. ஒரே பல்லுக்கு ஒன்பது, அஞ்சு, மூன்று. அந்த முகாமில் நாற்பது பேரிடம் கேட்டதில் ஏறக்குறைய எல்லோரும் தங்கள் பல்லை டாக்டர் சொன்னதைவிட நன்றாக இருப்பதாகத்தான் காட்டினார்களாம். டாக்டர்களான எங்கள் கண்ணை அப்படிப் பழக்கியிருக்கிறார்கள், சரியாக இல்லாததைத் தேடித்தேடிப் பழகிவிட்டது என்றாள். விம்கோ நகரில் அனிஷா இறங்கியபோது மலிகா காசு வாங்கிக்கொண்டாள்.

ஃப்ளெக்ஸ் போனால் எல்லாம் போய்விடும் என்று மலிகா நினைத்திருந்தாள். போகவில்லை. உமைமா பள்ளிக்குப் போனாள், படித்தாள், துப்பட்டாவை மட்டும் வாயிலிருந்து எடுக்கவில்லை. கிளிப் வேண்டும் என்பதையும் விடவில்லை. கலீலுல்லா, அவளுக்கு ஆசையாக இருந்தால் போட்டுவிடலாமே என்று சொன்னதற்கு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை மலிகா. கடைசியில் அரசு பல் மருத்துவமனைக்கு மகளை அழைத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, மெல்லுவதற்கோ பேசுவதற்கோ ஒரு கெடுதலும் இல்லை, அழகுக்கு வேண்டுமானால் போடலாம், பொண்ணுதான் சொல்ல வேண்டும் என்றார். போடுவதென்றால் இடம் செய்ய இரண்டு நல்ல பல்லை எடுக்க வேண்டியிருக்கும்.

"நல்ல பல்ல புடுங்கணுமா?" என்று மலிகா கத்தியதில் வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். "இத்தினி நாளா இந்தப் பல்ல நீ பாத்ததே இல்லியேடி. அவன் மாட்னான், நீ பாத்த. அவன் சொல்றத நீ சொல்ற."

உமைமா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அழவில்லை.

"இருக்கலாம்மா. ஆனா நீ உன் பல்லுக்குச் சண்ட போட்ட. நான் வந்து உன்னத் தடுத்தனா? என் பல்லுக்கு நான் சொல்றேன்."

நவம்பரில் ஒரு தேதி கொடுத்தார்கள். மகள்மேல் கோபப்பட மலிகாவிடம் நியாயம் இல்லை. அந்த ஆள்மேல் இருந்த கோபம் தீரவும் இல்லை. அறுத்து எடுத்தது ஃப்ளெக்ஸைத்தான். மகள் கண்ணாடி பார்க்கும் விதத்தை எந்தக் கத்தியால் அறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த மருத்துவமனையில் இப்போது வேறு ஃப்ளெக்ஸ். யாரோ வெள்ளைக்காரக் குடும்பம் சிரிக்கிறது. அந்த வாசலில் மட்டும் மலிகாவின் வண்டி நிற்காது. பல் ஆஸ்பத்திரிகிட்ட நிறுத்தும்மா என்று யார் கேட்டாலும் ஐம்பது அடி தள்ளித்தான் நிறுத்துவாள். போன வாரம் ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஏன் இப்படி நடக்க விடுகிறாய் என்று திட்டினார். கடைவாய்ப் பல்லா என்று மட்டும் அவள் கேட்டாள். ஆமாம் என்றார். அரசு மருத்துவமனைக்குப் போகிற வழியைச் சொல்லி, எதிர்ப்பக்க வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி, அவரை அதில் ஏற்றிவிட்டாள்.